முதலில் மென்பொருள், அப்புறம் டேப்லெட்: குறைந்த செலவில் டிஜிட்டலில் வரையத் தொடங்க

டிஜிட்டலில் வரைய ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த டேப்லெட் வாங்கலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: எந்த மென்பொருளில் வரையப் போகிறீர்கள், அது எதில் ஓடும்? மென்பொருளை இன்றைக்கே பைசா செலவில்லாமல் இறக்கி, மவுஸை வைத்தாவது நாலு கோடு போட்டுப் பார்த்துவிடலாம், டேப்லெட்டை அப்படிப் பார்க்க முடியாது. அதுவும் தவிர, ப்ரோகிரியேட் ஐபேடில் மட்டும்தான் ஓடும், பெயிண்ட் டூல் சாய் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இணையத்தில் ஒருவர் ப்ரோகிரியேட்டில் வரைவதைப் பார்த்து மயங்கிவிட்டு, கணினியில் சொருகும் டேப்லெட் ஒன்றை வாங்கி வந்து "இதில் ப்ரோகிரியேட் எங்கே?" என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர்.

அதனால் வரிசையை மாற்றுவோம். கையில் ஏற்கெனவே என்ன கருவி இருக்கிறது என்று பாருங்கள், அதில் ஓடும் மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள், கடைசியாக டேப்லெட்டுக்கு வாருங்கள். சுமாரான கணினியோ மடிக்கணினியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது, கணினியில் சொருகி மேலே பேனாவால் வரையும், திரை இல்லாத சின்னப் பலகை, அதாவது பென் டேப்லெட் ஒன்று போதும். கணினியே இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான் என்றாலும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

மென்பொருள்: காசு கொடுக்காமலே எவ்வளவு தூரம் போகலாம்?

ரொம்ப தூரம் போகலாம். கணினியில் வரையத் தொடங்குகிறவர் யாராக இருந்தாலும் நான் முதலில் சொல்வது கிரிட்டா. முழுக்க இலவசம், திறமூலம் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்), விளம்பரம் கிடையாது, உங்கள் படத்தின் மேல் முத்திரை குத்தாது, முப்பது நாளில் பூட்டிக்கொள்ளாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்டீமிலும் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலும் அதையே காசுக்கு விற்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது அந்தத் திட்டத்துக்கு ஆதரவு தர நினைப்பவர்களுக்காக வைத்திருப்பது. கிரிட்டாவின் சொந்தத் தளத்தில் இறக்கினால் காசில்லை.

கிரிட்டாவைத் திறந்ததும் பொத்தான்களும் பட்டியல்களும் மிரட்டும். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கேன்வாஸில், அதாவது திரையில் வரையும் தாளில், பேனாவின் வலது கிளிக் பொத்தானை அழுத்துங்கள், வட்டமாக ஒரு தட்டு வரும், பிடித்த பிரஷ்களும் நிறங்களும் அதிலேயே இருக்கும், பாதி நேரம் அதை வைத்தே ஓட்டிவிடலாம். இ விசையைத் தட்டினால் கையில் இருக்கும் பிரஷே அழிப்பானாக மாறும், மறுபடி தட்டினால் பழையபடி பிரஷ். எம் விசை படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிக் காட்டும். ஒரு முகத்தை ஒரு மணி நேரமாக முறைத்துக்கொண்டிருந்தால் கண் அதற்குப் பழகிப்போய் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும், எம்மைத் தட்டியதும் ஒரு கண் நெற்றிக்கு ஏறியிருப்பது அப்படியே தெரிந்துவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு பிரஷ் கருவியின் டூல் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஸ்டெபிலைசர் இருக்கிறது, கோட்டை மெதுவாக இழுத்து நடுக்கத்தை எடுத்துவிடும். சுத்தமான இறுதிக் கோடு போடும் லைன் ஆர்ட்டுக்குச் சரி, முதல் ஸ்கெட்ச் போடும்போது அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் கோடு கைக்குப் பின்னாலேயே ஓடி வரும்.

காமிக்ஸ் பக்கம் ஆர்வம் என்றால் மெடிபாங் பெயிண்டும் ஃபயர்அல்பாகாவும் பாருங்கள். இரண்டும் இலவசம், இரண்டும் கிரிட்டாவைவிட லேசானவை, பழைய கணினியிலும் இழுத்துக்கொண்டு ஓடும். ஃபயர்அல்பாகா கணினிக்கு மட்டும். மெடிபாங் போனிலும் ஐபேடிலும் கிடைக்கும், கட்டம் பிரிக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது.

போனில் வரைகிறவர்களுக்கு ஐபிஸ் பெயிண்ட்தான் எளிது. இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும், எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் லேயர் (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வரையும் தாள்கள்), பிரஷ், கோடு திருத்தும் வசதி எல்லாம் உருப்படியாக இருக்கிறது, நீங்கள் வரைந்ததை வீடியோவாகவும் பதிந்து கொடுக்கும். ஸ்கெட்ச்புக் இன்னொன்று. ஆட்டோடெஸ்க் வைத்திருந்தது, 2018இல் இலவசமானது, 2021இல் தனி நிறுவனமாகப் பிரிந்தது. போனிலும் ஐபேடிலும் அடிப்படைப் பதிப்பு இன்னும் இலவசம், கணினிப் பதிப்புக்குத்தான் காசு. திரையில் சத்தமில்லாமல் ஒதுங்கி நிற்கும் மென்பொருள் வேண்டும் என்பவர்களுக்கு இது பிடிக்கும்.

காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் கிளிப் ஸ்டூடியோ பெயிண்ட். காமிக்ஸ், மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) வரைகிறவர்கள் பெரும்பாலும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள். இதில் ப்ரோ, எக்ஸ் என்று இரண்டு இருக்கின்றன. ஒரே கோப்பில் பல பக்கங்களை வைத்துப் புத்தகமாகச் செய்ய வேண்டியிருந்தால் எக்ஸ் தேவை, மற்றவர்களில் பெரும்பாலோருக்கு ப்ரோ தாராளம். விண்டோஸிலும் மேக்கிலும் ஒரே தடவை காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம், ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் சந்தா மட்டும்தான், இதைக் கவனிக்காமல் போனில் தொடங்கிவிட்டு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். வருடத்தில் சில தடவை விலையை நன்றாகக் குறைப்பார்கள், அவசரமில்லை என்றால் காத்திருங்கள். சில டேப்லெட்டுகளோடு சில மாத உரிமம் சேர்ந்தே வரும்.

போட்டோஷாப்? 2013இலிருந்து புதுப் பதிப்புகள் சந்தாவில்தான் வருகின்றன. வேலைக்கு அது கட்டாயம் என்றால் சரி, வரைந்து பழகுவதற்காக மட்டும் மாதாமாதம் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஜிம்ப் இலவசம்தான், ஆனால் அது படம் திருத்துவதற்குத்தான் பொருத்தம், வரையக் கிரிட்டா பக்கத்தில் அது நிற்காது. லோகோ மாதிரி எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் சிதறக் கூடாத வேலைக்கு இங்க்ஸ்கேப். அனிமேஷனுக்கு ஓபன்டூன்ஸ், 2016இலிருந்து இலவசம், ஆனால் பழக நாள் பிடிக்கும், கிரிட்டாவிலேயே சின்னச் சின்ன அனிமேஷன் செய்யலாம் என்பதால் முதலில் அங்கேயே விளையாடிப் பாருங்கள்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், கணினியின் நினைவகம், அதாவது ரேம். ஏ4 தாளை 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியாக எடுத்தால் 2480க்கு 3508 பிக்சல், மொத்தம் சுமார் 87 லட்சம். ஒவ்வொரு பிக்சலுக்கும் 4 பைட் என்று வைத்தால் முழுக்க வண்ணம் நிரம்பிய ஒரு லேயருக்கு ஏறக்குறைய 35 எம்பி. இருபது லேயர் போட்டால் 700 எம்பி, இதில் அன்டூவுக்காக (செய்ததை மாற்றிப் பழையபடி ஆக்க) மென்பொருள் சேர்த்து வைப்பது சேரவில்லை. 8 ஜிபி ரேம் இருந்தால் கவலையில்லாமல் வரையலாம். 4 ஜிபி கணினி என்றால் பாதி அளவு கேன்வாஸில் பழகுங்கள், பின்னணியில் பிரவுசரை மூடிவிடுங்கள். பிரஷ் இழுத்து இழுத்து வருகிறதே என்று டேப்லெட்டைத் திட்டுவதற்கு முன் கேன்வாஸ் அளவைப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அங்கேதான் இருக்கும்.

திரை இல்லாதது போதுமா?

போதும். முதல் டேப்லெட்டுக்குத் திரை வேண்டாம் என்பது என் கட்சி. கறுப்புப் பலகை மாதிரி மேசை மேல் கிடக்கும், அதன் மேல் பேனாவை ஓட்டினால் எதிரே மானிட்டரில் கோடு விழும். கை ஓரிடம், கண் ஓரிடம், அதுதான் எல்லோரையும் பயமுறுத்துகிறது. முதல் சில நாட்கள் கோடு கோணலாகப் போகும், தன் கையெழுத்தே தனக்கு அடையாளம் தெரியாது. ஆனால் மவுஸ் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் பிரிவு ஒன்றும் புதிதல்ல, மவுஸை நகர்த்தும்போது யாரும் குனிந்து கையைப் பார்ப்பதில்லையே. சீக்கிரம் பழக ஒரே வழி, மவுஸை எடுத்து ஒளித்து வைத்துவிட்டு, கோப்பு திறப்பது, இணையம் பார்ப்பது எல்லாவற்றையும் கொஞ்ச நாள் பேனாவாலேயே செய்வது.

திரை இல்லாததில் சில லாபங்களும் இருக்கின்றன. நிமிர்ந்து உட்காரலாம், கழுத்து தப்பிக்கும். உங்கள் கையே படத்தை மறைக்காது. ஒரு யூஎஸ்பி வயரோடு வேலை முடிந்தது, தனியாக மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போக அதிகம் எதுவும் இல்லை, அதனால் பல வருடம் உழைக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கும் எண்கள்

இங்கேதான் காசு வீணாகும். பெட்டியில் பெரிதாக 8192 என்றோ 16384 என்றோ போட்டிருப்பார்கள், அது பேனா எத்தனை நிலை அழுத்தத்தை வேறுபடுத்தும் என்பதற்கான கணக்கு. எண் பெரிதானால் டேப்லெட் உயர்ந்தது என்று நினைக்க வைப்பதற்கான ஏற்பாடு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 பிக்சல் அகலமுள்ள பிரஷை மெல்ல அழுத்துவதிலிருந்து முழுக்க அழுத்துவது வரை 2048 நிலையாகப் பிரித்தால், ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் கோட்டின் தடிமனில் வரும் வித்தியாசம் ஒரு பிக்சலில் நூறில் ஒரு பங்கு. இதையே கண்ணால் பார்க்க முடியாது, 16384 என்பது இதையும் எட்டாக வெட்டுகிறது. டேப்லெட் செய்யும் வாக்கம் நிறுவனத்தின் விலை குறைந்த ஒன் பை வாக்கம் 2048 நிலைதான், அதில் வரைந்து அழகான படங்கள் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

5080 எல்பிஐ என்று இன்னொன்று இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு 200 கோடு என்று அர்த்தம், உங்கள் கை அவ்வளவு நுணுக்கமாக நகராது. வினாடிக்கு 200க்கு மேல் தடவை பேனாவின் இடத்தைப் படிக்கும் என்பதும் இப்போது பலவற்றில் வந்துவிட்டது. இந்த மூன்று எண்களையும் வைத்து இரண்டு டேப்லெட்டுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

பெட்டியில் எழுதாத இரண்டு விஷயங்கள்தான் முக்கியம். ஒன்று, எவ்வளவு லேசாகத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது. நல்ல பேனாவில் தொட்டதும் மெல்லிய கோடு வரும். சுமாரானதில் கொஞ்சம் அழுத்திய பிறகுதான் திடீரென்று வரும், ஷேடிங் செய்யும்போது விரல் வலிப்பதற்கும் கோட்டின் தொடக்கம் மொட்டையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். இரண்டாவது, சாய்ந்த கோட்டின் நடுக்கம். இதைச் சோதிப்பது எளிது. ஸ்டெபிலைசரை அணையுங்கள், டேப்லெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வையுங்கள், பேனாவை அதன் ஓரமாக ரொம்ப ரொம்ப மெதுவாக இழுங்கள். கோடு நேராக வந்தால் நல்லது. படிக்கட்டு மாதிரி அலை அலையாக வந்தால் அந்த டேப்லெட்டில் மெதுவாக, கவனமாக வரையும் எல்லாமே அப்படித்தான் நெளியும். வேகமாக இழுத்தால் எல்லா டேப்லெட்டும் நேராகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். வாங்குவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை என்றால், அந்த மாடலின் பெயரோடு சாய்கோட்டுச் சோதனை செய்து காட்டும் வீடியோ எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். "அருமையான பொருள், சீக்கிரம் வந்து சேர்ந்தது" என்ற மதிப்புரைகளைவிட அது நூறு மடங்கு மேல்.

பேனா பேட்டரி இல்லாததாக இருக்கட்டும். டேப்லெட்டின் பரப்புக்குக் கீழே இருக்கும் கம்பிச்சுருள்கள் மின்காந்த அலை அனுப்பும், பேனா அதிலிருந்தே தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். சார்ஜ் போட மறந்தேன் என்ற பேச்சே இல்லை, எடையும் குறைவு. வாக்கம் ரொம்ப காலமாக இப்படித்தான் செய்கிறது, ஹுயான், எக்ஸ்பி-பென், காவ்மன் எல்லோரும் விலை குறைந்த மாடல்களிலேயே இப்போது இதைக் கொடுக்கிறார்கள். இன்னும் பேட்டரி போடும் பேனாவோடு ஒன்று மலிவாகக் கிடைத்தால், அது பழைய சரக்கு என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பேனாவைச் சாய்த்தால் கோடு அகலமாகும் வசதி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஓரத்தில் இருக்கும் ஷார்ட்கட் பொத்தான்களும் அப்படியே. இடது கை விசைப்பலகை மேல் இருக்கும்போது அவற்றைப் பலர் தொடுவதே இல்லை.

என்ன அளவு?

அளவைப் பெட்டியின் அளவாகப் பார்க்காதீர்கள், வரையும் பரப்பு எவ்வளவு என்று பாருங்கள். ஒன் பை வாக்கம் சின்னதில் அது 152க்கு 95 மில்லிமீட்டர், நடு அளவில் 216க்கு 135. ஹுயான் எச்640பி 160க்கு 100. எக்ஸ்பி-பென் டெகோ 01 வி2 ஏறக்குறைய 254க்கு 159.

இதில் உங்கள் மானிட்டரும் சேர்ந்துதான் முடிவு செய்யும். 14 அங்குல மடிக்கணினியின் திரை அகலம் ஏறத்தாழ 31 சென்டிமீட்டர், சின்ன டேப்லெட்டில் கை 1 சென்டிமீட்டர் நகர்ந்தால் திரையில் 2 சென்டிமீட்டர் நகரும், கைக்குச் சுகமாக இருக்கும். அதையே 24 அங்குல மானிட்டரில் சொருகினால் 1 சென்டிமீட்டருக்கு மூன்றரை சென்டிமீட்டர் பாயும், கை லேசாக ஆடினாலும் திரையில் பெரிதாகத் தெரியும். ஆக, மடிக்கணினிக்குச் சின்னது, பெரிய மானிட்டருக்கு நடு அளவு. மணிக்கட்டை மேசையில் ஊன்றி எழுதுவதுபோல் வரைகிறவர் என்றால் சின்னதே பிடிக்கும், முழங்கையிலிருந்து கையை வீசிக் கோடு போடுகிறவர் சின்னதில் மூச்சு முட்டுவார். அதற்கும் பெரியது முதல் தடவை வேண்டாம், மேசையில் விசைப்பலகைக்கு இடமிருக்காது.

திரை உள்ளவையும், ஐபேடும், போனும்

திரையிலேயே வரைந்துதான் ஆக வேண்டும் என்று மனம் அடம் பிடித்தால் பென் டிஸ்ப்ளே இருக்கிறது, ஆனால் அதுவும் கணினியோடு சேர்ந்துதான் வேலை செய்யும், தனியாக ஓடாது. வாங்குகிறவர்கள் பாதிப் பேர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்று. கண்ணாடியும் திரையும் ஒட்டவைக்கப்பட்ட லேமினேட்டட் வகையா என்று பாருங்கள், இல்லாவிட்டால் பேனா முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழும். நிறம் எஸ்ஆர்ஜிபியில் (திரைகளுக்கான பொதுவான நிற வரம்பு) முழுதாக அல்லது முழுதுக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் வயர்: உங்கள் கணினியின் யூஎஸ்பி சி துளை படத்தையும் அனுப்புமா, சார்ஜ் மட்டும் ஏற்றுமா? எல்லாத் துளைகளும் படம் அனுப்பாது. அனுப்பாவிட்டால் எச்டிஎம்ஐ ஒன்று, யூஎஸ்பி ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று என்று மூன்று வயர் மேசை மேல் ஓடும். ஸ்டாண்டு கூட வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், படுத்த வாக்கில் வைத்து வரைந்தால் ஒரு வாரத்தில் கழுத்து பேசும்.

ஐபேட் ஏற்கெனவே வைத்திருந்தால் ப்ரோகிரியேட்டை ஒரே தடவை காசு கட்டி வாங்கிக்கொள்ளலாம், சந்தா இல்லை. பேனா விஷயத்தில் மட்டும் நிதானமாக இருங்கள். ஆப்பிள் பென்சிலில் யூஎஸ்பி சி என்று பெயர் போட்டு 2023இல் வந்த மலிவான மாடலுக்கு அழுத்தம் தெரியாது. சாய்வு தெரியும், அழுத்தம் தெரியாது. குறிப்பு எடுக்க நல்லது, வரைய வாங்கினால் எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமனில் கோடு வரும். அடிப்படை ஐபேடில் அழுத்தம் வேண்டும் என்றால் முதல் தலைமுறை ஆப்பிள் பென்சில்தான் வழி, யூஎஸ்பி சி துளை உள்ள ஐபேட் என்றால் அதற்கு ஒரு அடாப்டரும் வேண்டும். வேறு நிறுவனங்கள் மலிவாக விற்கும் ஐபேட் பேனாக்களும் பெரும்பாலும் இதே கதைதான், லாஜிடெக் கிரேயான் உட்பட.

ஆண்ட்ராய்டில் சாம்சங் எஸ் பென் உள்ள டேப்கள் வரைய நன்றாக இருக்கும், வரைய அந்தப் பேனாவுக்குச் சார்ஜ் தேவையில்லை, எஸ்6 லைட் மாதிரி மாடல்களில் பேனா பெட்டியிலேயே வரும். முனையில் ரப்பர் உருண்டையோ பிளாஸ்டிக் வட்டமோ வைத்து "எல்லாத் திரைக்கும் பொருந்தும்" என்று விற்கும் ஸ்டைலஸ் விரலுக்குப் பதில் இன்னொரு விரல், அவ்வளவுதான்.

போன் மட்டும் வைத்திருப்பவர்களுக்கு: ஹுயான், எக்ஸ்பி-பென் முதலானவற்றின் பல சின்ன டேப்லெட்டுகள் ஓடிஜி அடாப்டர் (போனில் யூஎஸ்பி கருவிகளைச் சொருக உதவும் துண்டு) வழியாக ஆண்ட்ராய்டு போனில் வேலை செய்யும். மாடலின் விவரத்தில் ஆண்ட்ராய்டு என்று தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போனை நிமிர்த்தி வைத்தால் டேப்லெட்டின் ஒரு பகுதி மட்டும்தான் வேலை செய்யும், போனுக்கு ஏற்றபடி பரப்பு சுருங்கிவிடும். ஐபிஸ் பெயிண்டோடு இது நல்ல ஜோடி, நாளைக்குக் கணினி வாங்கினாலும் அதே டேப்லெட் உதவும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியவை

சொருகியவுடன் கோடு வருகிறதே என்று வரையத் தொடங்கிவிடாதீர்கள். டேப்லெட்டையும் கணினியையும் பேசவைக்கும் மென்பொருளான டிரைவரை நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி நிறுவுங்கள். இதற்கு முன் வேறு பிராண்டு டேப்லெட் வைத்திருந்தால் அதன் டிரைவரை முதலில் நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி தொடங்குங்கள், இரண்டும் ஒன்றாக இருந்தால் சண்டை போட்டுக்கொள்ளும். மேக்கில் தனியுரிமை அமைப்புகளில் அந்த டிரைவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்காமல் "பேனா வேலை செய்யவில்லை" என்று திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. லினக்ஸில் வாக்கம் பெரும்பாலும் சொருகியதுமே ஓடும், மற்றவற்றுக்கு ஓபன் டேப்லெட் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது, உங்கள் மாடல் அதன் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

அடுத்தது விகிதம். பெரும்பாலான டேப்லெட்டுகளின் பரப்பு 16க்கு 10, பெரும்பாலான மானிட்டர்கள் 16க்கு 9. அப்படியே விட்டால் நீங்கள் போடும் வட்டம் திரையில் சுமார் 11 சதவீதம் அகலமாக விழும். நீங்கள் சரியாகத்தான் வரைகிறீர்கள், திரையில் முகம் மட்டும் ஊதிப்போய் வரும். டிரைவரில் விகிதத்தைக் காப்பாற்று என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். சரிபார்க்க, ஒரு கிண்ணத்தின் மூடியை டேப்லெட்டின் மேல் வைத்துச் சுற்றி இழுங்கள், திரையில் வட்டம் வட்டமாக வர வேண்டும். இரண்டு மானிட்டர் இருந்தால் டேப்லெட்டை ஒன்றுக்கு மட்டும் ஒதுக்குங்கள். இடது கைக்காரர்கள் டேப்லெட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து டிரைவரில் 180 பாகை சுழற்றிக்கொள்ளலாம்.

அழுத்தம் வரவே இல்லை, எவ்வளவு அழுத்தினாலும் ஒரே தடிமன் என்றால் விண்டோஸில் பெரும்பாலும் காரணம் விண்டோஸ் இங்க், அதாவது பேனாவைக் கையாளும் விண்டோஸின் சொந்த வசதி. டிரைவரில் அது ஒரு மாதிரியும் மென்பொருளில் வேறு மாதிரியும் இருந்தால் இப்படி ஆகும். கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குப் போனால் விண்டாப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு தேர்வுகள் தெரியும், மாற்றிவிட்டுக் கிரிட்டாவை மூடித் திறந்து பாருங்கள். அதே பக்கத்தில் அழுத்த வளைவும் இருக்கிறது. கோடு வருவதற்கு ரொம்ப அழுத்த வேண்டியிருந்தால் வளைவின் நடுவை மேலே இழுத்து விடுங்கள், லேசாகத் தொட்டாலே தடியாக வந்தால் கீழே இழுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் இதைச் செய்த டேப்லெட்டும் செய்யாத டேப்லெட்டும் கைக்கு வேறு வேறு பொருளாகவே தெரியும். பேனாவை ஒரே இடத்தில் வைத்திருந்தால் வட்டம் ஒன்று சுழன்று வலது கிளிக் ஆகிவிடுகிறது என்றால் அது விண்டோஸின் அழுத்திப் பிடிக்கும் வசதி, பேனா அமைப்பில் அணைத்துவிடலாம்.

பேனாவின் முனை, அதாவது நிப், தேயும். சொரசொரப்பான பரப்பில் சீக்கிரமே தேயும், பரப்பின் மேல் தாளோ உறையோ போட்டிருந்தால் இன்னும் சீக்கிரம். முனை ஒரு பக்கமாகத் தேய்ந்து உளி மாதிரி ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள், அந்தக் கூர்மையான விளிம்புதான் டேப்லெட்டில் கீறல் போடும். பெரும்பாலும் பெட்டியிலேயே சில நிப்கள் இருக்கும், பிடுங்க ஒரு சின்ன வளையமும் இருக்கும், முதல் நாளே எங்கேயாவது பத்திரமாக எடுத்து வையுங்கள்.

பழையது வாங்கலாமா?

தாராளமாக. திரையில்லா டேப்லெட்டில் அசையும் பாகமே இல்லை என்பதால் இரண்டாம் கை வாங்க ஏற்ற பொருள்தான். போகும்போது உங்கள் மடிக்கணினியைக் கொண்டு போங்கள். அதற்கு முன் வீட்டிலேயே நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கு உங்கள் இயங்குதளத்தில் ஓடும் டிரைவர் இருக்கிறதா என்று பாருங்கள். ரொம்பப் பழைய மாடல்களைப் புது டிரைவர்கள் கைவிட்டுவிடும், பலகை நன்றாக இருந்தும் பயனில்லாமல் போகும். நேரில் வயர் சொருகும் துளையை மெல்ல ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டு விட்டு வந்தால் வேண்டாம். கிரிட்டாவைத் திறந்து நாலு மூலையிலும் நடுவிலும் கோடு போடுங்கள், எங்கேயாவது கோடு அறுந்தால் அந்த இடம் செத்துவிட்டது. மெதுவான சாய்கோட்டையும் மறக்காதீர்கள். பரப்பில் கீறல் இருந்தால் பரவாயில்லை, வேலைக்கு இடைஞ்சல் இல்லை, விலை பேச உதவும்.

"பேனா மட்டும் தொலைந்துவிட்டது, அது எங்கேயும் கிடைக்கும்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஒரு பிராண்டின் பேனா இன்னொன்றில் வேலை செய்யாது, ஒரே பிராண்டுக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும், தனிப் பேனாவின் விலை சில நேரம் பழைய டேப்லெட்டின் விலையையே தொட்டுவிடும். அந்த மாடலுக்கு எந்தப் பேனா என்று எண்ணைப் பார்த்து, அது இன்னும் தனியாக விற்பனையில் இருக்கிறதா என்று தேடிவிட்டு, அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.